பாலாற்று வெள்ளம் கடலில் கலந்தால் வீணா? முகத்துவாரத்து நண்டு, இறால், மீன்கள் பற்றி ஒரு விவாதம்

பாலாற்றங்கரை (காட்பாடி)

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது நம் பக்கத்தில் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சுதான்: "இத்தனை தண்ணீரும் வீணாகக் கடலுக்குப் போகிறதே!" வாலாஜா அணைக்கட்டில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டி ஓடியது. 1903 வெள்ளத்துக்குப் பிறகு இப்படி ஒன்று வந்ததில்லை என்றார்கள். வந்த வேகத்தில் போயும்விட்டது.

என் தங்கையைச் சதுரங்கப்பட்டினம் பக்கம் கொடுத்திருக்கிறோம். அங்கே பேச்சு நேர்மாறாக இருக்கிறது. வயலூருக்குக் கீழே பாலாறு கடலில் விழும் இடம் ஆண்டின் பெரும்பகுதி மணல் மேடிட்டு அடைத்துக் கிடக்கும். வெள்ளம் வந்து மேட்டை உடைத்தபிறகுதான் நண்டும் இறாலும் மடவையும் உள்ளே ஏறும், அதற்காகவே காத்திருப்போம் என்கிறார்கள். "உங்களுக்கு வீண், எங்களுக்கு அதுதான் சோறு" என்று தங்கை வீட்டுக்காரர் ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

பருவநிலை மாற்றம் என்றால் பனிக்கரடியும் பவளப்பாறையும்தான் செய்தியில் வருகின்றன. ஆற்று முகத்துவாரத்தில் வாழும் உயிர்களுக்கு என்ன ஆகிறது, அதில் 150 கிலோமீட்டர் மேலே இருக்கும் நமக்குப் பங்கு உண்டா என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். வேளாண் கிணறுகளைப் பற்றி ஏற்கெனவே நிறைய பேசிவிட்டோம். இந்த இழை நீர்வாழ் உயிர்களுக்கு மட்டும்.

எதிர்க்கேள்வி (ராணிப்பேட்டை)

பருவநிலை மாற்றம் என்பது இப்போது எல்லோருக்கும் வசதியான சாக்கு. மணலை அள்ளியது வெயிலா? தோல் தொழிற்சாலைக் கழிவை ஆற்றில் விட்டது எல் நினோவா? வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழ்பட்டதாக அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. மாசுபடுத்தியவர்தான் ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உறுதியாகச் சொன்னதும் நம் பாலாற்று வழக்கில்தான். 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடியும் இழப்பீடு பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. இடைப்பட்ட 29 ஆண்டுகளில் எந்த மீன் பிழைத்திருக்கும்?

அதனால் வானத்தைக் காட்டி ஆட்களைத் தப்பவிடாதீர்கள். முகத்துவாரத்தில் நண்டு இல்லையென்றால் ஆறு செத்துவிட்டது என்று பொருள். யார் கொன்றார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

உப்புக்காற்று (வேலூர், சொந்த ஊர் கொள்ளிடக் கரை)

மீன்வளப் படிப்பு படித்தவன், பிழைப்புக்காக வேலூரில் இருக்கிறேன். எதிர்க்கேள்வி ஐயா சொல்வதில் தவறில்லை. ஆனால் கொலை செய்தவனைக் கண்டுபிடித்துவிட்டதால் நோயே இல்லை என்று ஆகிவிடாது. முதலில் முகத்துவாரத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். ஆற்று நீரில் கிட்டத்தட்ட இல்லை. இரண்டும் சேரும் கழியில் ஆற்றுப் பக்கமிருந்து கடலை நோக்கிப் போகப்போக உப்பு படிப்படியாக ஏறும். அந்தப் படிகள்தான் அங்கே வாழும் உயிர்களுக்கு வீடு. வெள்ளை இறால் கடலில் முட்டையிடும்; குஞ்சுகள் அலையோடு மிதந்து கழிக்குள் வந்து, உப்புக் குறைந்த நீரில் சில மாதம் வளர்ந்து மறுபடி கடலுக்குப் போகும். சேற்று நண்டு கழியில் வளர்ந்து கழியிலேயே இணை சேரும். ஆனால் முட்டை சுமந்த பெண் நண்டு கடலை நோக்கிப் போக வேண்டும், ஏனென்றால் அதன் முதல்நிலைக் குஞ்சுகள் உப்புக் குறைந்த நீரில் பிழைக்காது. நன்னீரில் வளரும் பெரிய இறால் இருக்கிறதே, நீலக்கால் உள்ளது, அது இதற்கு நேர் எதிர்: தாய் ஆற்றில் வாழும், குஞ்சு பிழைக்க உவர்நீர் வேண்டும். கொடுவா, மடவை, பால்மீன் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு போக்குவரத்து உண்டு.

ஆகவே முகத்துவாரம் என்ற கதவு திறந்திருக்க வேண்டும். சரியான காலத்தில் திறந்திருக்க வேண்டும். நம் கடற்கரையில் கதவைத் திறப்பது வடகிழக்குப் பருவமழை.

பருவநிலை மாற்றம் இங்கேதான் உள்ளே நுழைகிறது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 விழுக்காடு கூடுதலான ஈரத்தைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். இடைவெளி விட்டால் நீளமாக விடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பரவலாக வந்த தண்ணீர் நான்கைந்து நாளில் மொத்தமாக வந்து போனால், ஆண்டுக் கணக்கில் மழையளவு அதே எண்தான். நண்டுக்கு அது அதே ஆண்டு அல்ல. கழியின் உப்பு ஓரிரு நாளில் சரிந்து விழும். நகர முடிந்தவை கடலுக்கு ஓடும். மட்டி, ஆளி போல ஓரிடத்தில் கிடப்பவை ஓட்டை மூடிக்கொண்டு சில நாள் தாக்குப்பிடிக்கும். நன்னீர் அதற்கு மேலும் நின்றால் கூட்டமாகச் சாகும். பிறகு ஜனவரியிலேயே ஓட்டம் நின்று, அலை மணலைத் தள்ளிக் கதவை மூடிவிடும். அடைபட்ட கழியில் கோடை முழுக்கத் தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறும், சில இடங்களில் கடலைவிடக் கூடுதலாக.

எங்கள் ஊரில் இது நன்றாகவே தெரியும். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுக்கும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கும் மேலிருந்து வரும் நன்னீர்தான் உயிர். காவிரி பெரிய ஆறு, மேட்டூரில் திறந்தால் ஏதோ கொஞ்சம் வந்து சேர்கிறது. பாலாற்றுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

ஏற்றக்காரன் (ஆற்காடு)

தம்பி, நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் நான் நெல் போடுகிறவன். 2021-க்கு முன்னால் என் கிணற்றில் வாளி தரையில் இடிக்கும் சத்தம் கேட்கும். வெள்ளம் போன பிறகு சில ஆண்டு மோட்டார் நிம்மதியாக ஓடியது. அந்தத் தண்ணீரில் பாதியைத் தேக்கி வைத்திருந்தால் இன்றும் ஓடியிருக்கும். நண்டுக்காக நாங்கள் காய வேண்டுமா? "கடலில் கலப்பது வீண்" என்று எங்கள் ஆட்கள் சொல்வது அறியாமையால் அல்ல, பட்ட பாட்டால்.

இன்னொன்று. கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33, நம்மிடம் 222 என்று ஓடுகிற ஆறு இது. மேலே பேத்தமங்கலம் ஏரி நிரம்பி வழிந்தால்தான் நமக்குச் சொட்டும். அதற்குக் கீழே ஆந்திரக்காரர் வரிசையாகத் தடுப்பணை கட்டி வைத்திருக்கிறார்கள். ஆற்று நீர் பற்றி மைசூரும் சென்னை மாகாணமும் செய்துகொண்ட 1892 ஒப்பந்தம் என்ன ஆயிற்று என்று கேட்க ஆள் இல்லை. கடலுக்கு விடு என்று எங்களிடம் சொல்லுமுன் எங்களுக்கு விடு என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

நெறியாளர்

ஆந்திரத் தடுப்பணைகளுக்கும் 1892 ஒப்பந்தத்துக்கும் தனி இழை இருக்கிறது. அங்கே ஏற்கெனவே போதுமான சூடு உண்டு. இங்கே மீனும் நண்டும் மட்டும்.

காவேரிப்பாக்கம் வலை

எங்கள் குடும்பம் ஏரியில் மீன்பிடிப்பது. ஏலத்தில் குத்தகை எடுத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுப்போம். காவேரிப்பாக்கம் ஏரிக்குத் தண்ணீர் வாலாஜா அணைக்கட்டுக் கால்வாயில் வருவது. ஆகவே நாங்களும் பாலாற்றுக்காரர்கள்தான். கழிமுகத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. சூடு மீனை என்ன செய்யும் என்பது தெரியும்.

மே மாதத்தில் தண்ணீர் வற்றிப் பச்சையாக நிற்கும்போது விடியற்காலையில் போய்ப் பாருங்கள். மீன் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடும். தண்ணீரின் மேல்தோலில் இருக்கும் காற்றை உறிஞ்சப் பார்க்கிறது. முதலில் வருவது கட்லா. பெரிய தலை, பெரிய வாய், தூரத்திலிருந்தே தெரியும். அதன் பிறகு ரோகு. கரையில் கால் வைத்தால் சாதாரண நாளில் சடாரென்று உள்ளே போய்விடும்; அன்று போகாது, கையால் தள்ளினாலும் மெதுவாக நகர்ந்து அங்கேயே நிற்கும். அதைப் பார்த்துவிட்டால் அன்றைக்கே வலையைப் போட வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் மறுநாள் வெள்ளையாக மிதக்கும். வெயில் ஏறிய பிறகு பாசி காற்றை விடுவதால் மீன் கொஞ்சம் தெளியும். கண்டம் என்பது விடிவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம்தான்.

கோடை மழை இன்னும் மோசம். ஊரே மழை வந்தது என்று மகிழும். எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். குளிர்ந்த மழைநீர் கீழே இறங்க, அடியில் கிடந்த கெட்ட தண்ணீர் மேலே புரளும். ஒரே இரவில் மொத்தமும் போய்விடும்.

இந்தக் கூத்தில் ஒன்றும் ஆகாமல் இருப்பவை விரால், குறவை, தேளி. அவை நேராகக் காற்றை விழுங்கும். ஜிலேபியும் லேசில் சாகாது. அதனால் ஒவ்வொரு கோடைக்குப் பிறகும் ஏரியில் மிஞ்சும் கூட்டம் மாறிக்கொண்டே வருகிறது. என் தகப்பனார் அயிரையைக் கூடையில் அள்ளியதாகச் சொல்வார். இப்போது வலையைத் தூக்கினால் ஜிலேபிதான் துள்ளுகிறது.

எதிர்க்கேள்வி (ராணிப்பேட்டை)

அருமையான விவரம். ஆனால் ஏரிக்கும் கழிமுகத்துக்கும் என்ன தொடர்பு? அங்கே அலை அடிக்கிறது, காற்று வீசுகிறது. தண்ணீர் தேங்கி அழுகுவதற்கு அது என்ன குட்டையா?

உப்புக்காற்று (வேலூர்)

மேற்கோள்: "அது என்ன குட்டையா?"

முகத்துவாரம் அடைத்துவிட்டால் குட்டையேதான் ஐயா. காவேரிப்பாக்கம் அண்ணன் கண்ணால் கண்டதற்கு எண் சொல்கிறேன். 20 டிகிரி நன்னீரில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரை. 35-இல் ஏழுதான். உப்பு ஏறினால் இன்னும் குறையும். 30 டிகிரிக் கடல்நீரில் ஆறு சொச்சம்தான் கரையும். இது நீர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அழுகலும் பாசியும் சேர்ந்தால் இரவில் இதில் பாதிக்கும் கீழே போகும். இன்னொரு பக்கம், மீனுக்கும் நண்டுக்கும் உடம்புச் சூடு நீரின் சூடுதான். நீர் 10 டிகிரி ஏறினால் அவற்றின் மூச்சுத் தேவை ஏறத்தாழ இரட்டிப்பாகும். வரவு குறைகிற அதே நேரத்தில் செலவு கூடுகிறது.

உங்கள் தோல் கழிவுக் கேள்விக்கும் விடை இங்கேயே இருக்கிறது. வேகமாக மூச்சு வாங்கும் மீனின் செவுளுக்குள் நீர் கூடுதலாகப் புகும், அதோடு நஞ்சும் கூடுதலாகப் புகும். ஆற்றில் ஓட்டம் குறைந்தால் அதே கழிவு கெட்டியாக நிற்கும். எனவே சூடு வந்ததால் கழிவுக்காரர் தப்பவில்லை. அவர் செய்த கேடு முன்பைவிட ஆழமாகக் குத்துகிறது. மணல் அள்ளியதும் அப்படித்தான். மணல் இருந்த காலத்தில் ஆற்றின் அடியில் தண்ணீர் ஊறி வறண்ட மாதங்களிலும் கசிந்து கழியை எட்டியது. அந்தக் கசிவு மட்டும் இன்று இருந்திருந்தால், மழை தப்பிய ஆண்டுகளைக் கழி ஒருவாறு சமாளித்திருக்கும்.

நிலத்தடி உப்பைப் பற்றியும் ஒரு கணக்கு. கடலோரத்தில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழம் வரை உப்பை அழுத்தி வைத்திருக்கும். மேலே ஓர் அடி இறக்கினால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறிவரும். கடலும் சும்மா இல்லை. 1901-க்கும் 2018-க்கும் இடையே உலகக் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது; 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் வேகம். ஆறு மேலிருந்து அழுத்துவதை நிறுத்திய நேரம் பார்த்துக் கடல் கீழிருந்து தள்ளுகிறது.

பச்சைப்பலகை (குடியாத்தம்)

உயிரியல் ஆசிரியை. நண்டு, இறால் பற்றி எழுதினார்கள், விலாங்கை விட்டுவிட்டார்கள்.

எங்கள் பக்கத்து முதியவர்களைக் கேளுங்கள். கௌண்டின்ய ஆற்றங்கரைக் கிணறுகளில் விலாங்கு இருந்ததைக் கதை கதையாகச் சொல்வார்கள். கையில் நிற்காமல் வழுக்கும், பாம்பென்று பயந்து பிள்ளைகள் கிணற்றை விட்டு ஓடும் என்பார்கள். அந்த விலாங்கு நம் ஊரில் பிறந்ததே இல்லை. கடலில் பிறந்து, கண்ணாடி நூல் போன்ற குஞ்சாக முகத்துவாரத்தில் நுழைந்து, ஆற்றை எதிர்த்து ஏறி, ஈரப் பாறையில் ஒட்டிக்கொண்டு ஊர்ந்து, நம் ஏரிக்கும் கிணற்றுக்கும் வந்து ஆண்டுக்கணக்கில் வளரும். முட்டையிடும் பருவம் வந்தால் ஒரு வெள்ளத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி கடலுக்குப் போகும். போனால் திரும்பாது.

ஆகவே குடியாத்தத்துக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நேரடிப் பயணிகள் இருந்தார்கள். 2001-இல் மோர்தானா அணை வந்தது, கீழே தடுப்பணைகள் வந்தன, ஆறு வறண்டது. அணை வேண்டாம் என்று சொல்ல நான் யார், அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். ஆனால் விலாங்குக்கு ஒரு வழி விடலாம் என்று எந்த வரைபடத்திலும் யாரும் யோசிக்கவில்லை. காவிரியில் உல்லம் மீனுக்கு இதுதான் நடந்தது. 1934-இல் மேட்டூர் அணை எழும்பிய பிறகு அந்த மீன் ஆற்றில் ஏறுவது அருகிப்போனது. கங்கையில் 1975-இல் பராக்கா தடுப்பணையும் அதையே செய்தது.

ஆமையையும் சேர்த்துவிடுகிறேன். சென்னையிலிருந்து கல்பாக்கம் வரையிலான கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை மணலில் முட்டையிடும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது மணலின் சூடு. ஏறத்தாழ 30 டிகிரியை ஒட்டி இரண்டும் கலந்து வரும். அதற்கு மேல் போகப்போகப் பெண்ணே மிகும். இன்னும் ஏறினால் முட்டை வெந்துவிடும். வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி, "அப்படியானால் முட்டைக்குப் பந்தல் போடலாமே டீச்சர்" என்றாள். முட்டைக் காப்பகங்களில் அதைத்தான் செய்கிறார்கள் என்றதும் அவளுக்கு ஏக மகிழ்ச்சி.

கூடைக்காரர் (வேலூர் மீன் மார்க்கெட்)

படித்தவர்கள் பேசும் இடத்தில் வியாபாரி நுழைவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தராசில் தெரிவதைச் சொல்கிறேன்.

மத்தி என்றால் எனக்கு முந்தைய தலைமுறைக்கு கேரளம், மங்களூர் வண்டிதான். இப்போது நம் கிழக்குக் கரையிலிருந்தே பெட்டி பெட்டியாக வருகிறது.

சேற்று நண்டை வாங்குகிறவர்கள் எடையை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். அடிப்பக்க ஓட்டில், கால் தொடங்கும் இடத்துக்கு அருகே கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள். கல் போல நின்றால் உள்ளே சதை உண்டு. வளைந்து கொடுத்தால் அது தண்ணீர் நண்டு. அண்மையில் ஓடு கழற்றியது, வேகவைத்தால் தண்ணீரும் ஓடும்தான் மிஞ்சும். வயிற்று மடல் அகலமாக இருந்தால் பெண், குறுகலாக இருந்தால் ஆண். மடலுக்குள் முட்டை வெளியே தெரிகிற பெண்ணை நான் வாங்குவதில்லை, விற்பதும் இல்லை. அதைத் திரும்பக் கடலில் விட்டிருக்க வேண்டும். பிடித்தவரிடம் சொன்னால், "நான் விட்டால் அடுத்தவன் பிடிப்பான்" என்கிறார். அவர் சொல்வதும் நடப்பதுதான்.

எதிர்க்கேள்வி (ராணிப்பேட்டை)

மத்தி கிழக்கே வந்தால் நமக்கு லாபம்தானே! பருவநிலை மாற்றம் வாழ்க.

உப்புக்காற்று (வேலூர்)

சிரிப்பு வந்தது. ஆனால் அதையும் பார்த்துவிடுவோம். வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951-க்கும் 2015-க்கும் இடையே சுமார் ஒரு டிகிரி சூடேறியிருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் மத்தி தன் பழைய எல்லையைத் தாண்டி வடக்கேயும் கிழக்குக் கரைக்கும் பரவியதைப் பல ஆண்டுகளாகப் பதிவு செய்கிறார்கள். கானாங்கெளுத்தி ஆழமான நீருக்கு இறங்குவதையும் சொல்கிறார்கள். கடல் மீனுக்கு இடம் பெயர இடம் இருக்கிறது. கழியில் வாழ்வது எங்கே போகும்? ஒரு பக்கம் கடலின் உப்பு, மறுபக்கம் வறண்ட மணல். பாலாற்று முகத்துவாரத்து இறால் குஞ்சு இந்த ஆண்டு கதவு மூடியிருக்கிறது என்று கோதாவரிக்கு நடந்துபோக முடியாது.

மத்தி வந்ததால் லாபம் என்றால் அது விசைப்படகுக்காரருக்கு. கழியில் கைவலை வீசுகிறவருக்கும், இடுப்பளவு நீரில் உட்கார்ந்து கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்களுக்கும் அதில் ஒரு ரூபாய் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்தக் கோடையில் கழிதான் பலருக்குக் கைகொடுத்தது. கழி சூடேறி உப்பேறிக் கெட்டுப்போவதும் அதே கோடையில்தான்.

ஏற்றக்காரன் (ஆற்காடு)

சரி தம்பி. எல்லாம் புரிகிறது. வயலூரில் தடுப்பணை கட்டியிருக்கிறார்களே, உப்பு உள்ளே ஏறாமல் இருக்க. அது நல்லதா கெட்டதா? ஒரே சொல்லில் சொல்லுங்கள்.

உப்புக்காற்று (வேலூர்)

ஒரே சொல்லில் முடியாது பெரியவரே. குடிநீருக்கு நல்லது, கிணற்றுக்கு நல்லது. அணைக்கு மேலே நன்னீர் தேங்கி நின்று உப்பை அழுத்துகிறது. மேலே சொன்ன ஓரடிக்கு நாற்பதடிக் கணக்கு அங்கே நமக்குச் சாதகமாக வேலை செய்கிறது. மீனுக்கு? படிப்படியாக ஏறிய உப்பு இப்போது ஒரு சுவரில் வந்து நிற்கிறது. மேலே நன்னீர், கீழே கடல். நடுவில் இருந்த வீடு சுருங்கிவிட்டது. அலையும் முன்போல உள்ளே ஏறி இறங்காததால் முகத்துவாரத்தைத் தானாகத் திறந்து வைக்கும் விசையும் குறையும்.

அதற்காக இடிக்கச் சொல்ல மாட்டேன். கடல் உயர்கிற காலத்தில் இப்படிப்பட்ட அணைகள் கூடத்தான் போகின்றன. என் வாதம் நேரத்தைப் பற்றியது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் நீரில் ஒரு பங்கை, அணை நிரம்பி வழியும்வரை காத்திருக்காமல், சிறுகச் சிறுகக் கீழே விட வேண்டும். அப்போது கதவு கூடுதல் நாள் திறந்திருக்கும், இறால் குஞ்சு உள்ளே வரும். 2021 போல ஒரு லட்சம் கன அடி வந்தால் அதை எந்த அணையாலும் தடுக்க முடியாது, அது தன்பாட்டுக்குப் போகும். நான் கேட்பது அந்த வெள்ளத்தை அல்ல. மழை குறைந்த ஆண்டில் கொஞ்சம் தண்ணீர்.

ஏற்றக்காரன் (ஆற்காடு)

மழை குறைந்த ஆண்டில்தான் எங்களுக்கும் வேண்டும்.

காவேரிப்பாக்கம் வலை

பெரியவர் கோபிக்கக் கூடாது. வெள்ள ஆண்டில் நம் ஏரிகளுக்கே கால்வாய் வழியாகத் தண்ணீர் ஒழுங்காக வந்து சேர்வதில்லையே. அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, சக்கரமல்லூர், தூசி என்று நான்கு கால்வாய் பிரிகிறது. 1858-இல் வெள்ளைக்காரன் கட்டியது. தூர்ந்துபோன கால்வாயைச் சீர்செய்தால் வெள்ளத்தில் கூடுதலாக ஏரிக்கு இழுக்கலாம். ஏரி நிறைந்தால் உங்கள் கிணறும் நிறையும், என் கட்லாவும் மே மாதத்தில் ஆழமான தண்ணீரில் பிழைக்கும். மழை குறைந்த ஆண்டில் ஆற்றில் வருகிற சொற்பத்துக்காக நண்டுக்காரரோடு நீங்கள் சண்டை போட வேண்டியிருக்காது.

ஏற்றக்காரன் (ஆற்காடு)

இது பேச்சு. கால்வாயைத் தூர்வாரட்டும், பிறகு நண்டைப் பற்றி நானே பேசுகிறேன். போகிற போக்கில் கூடைக்காரரிடம் ஒன்று கேட்கிறேன்: சதை நிறைந்த நண்டு எந்தக் கிழமை வரும்?

கூடைக்காரர் (வேலூர் மீன் மார்க்கெட்)

கிழமை கிடையாது ஐயா, கடலைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராதீர்கள், விலையைக் கேட்டால் தலை சுற்றும். வாரநாளில் காலை ஆறு மணிக்குள் வாருங்கள், அமுக்கிப் பார்த்து எடுத்துத் தருகிறேன்.

பாலாற்றங்கரை (காட்பாடி)

இதுவரை வந்ததை வைத்து ஒரு மனு எழுதத் தொடங்கியிருக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கலாம் என்று எண்ணம். அணைக்கட்டுக் கால்வாய்களைத் தூர்வாருவது ஒன்று. பாலாற்றிலும் கிளையாறுகளிலும் இனிக் கட்டும் தடுப்பணைகளில் விலாங்கும் மீனும் ஏறிவரச் சரிவான வழி விடுவது இன்னொன்று. ஆசிரியை அம்மா அந்தப் பத்தியை எழுதித் தந்தால் நல்லது. வடகிழக்குப் பருவத்தில் வயலூருக்குக் கீழே சிறிதளவு நீர் விடும் வகையில் அணை இயக்க விதி வகுப்பது மூன்றாவது. அது செங்கல்பட்டு மாவட்டம், நம் ஆட்சியர் கையில் இல்லை என்பது தெரியும். மேலே அனுப்பச் சொல்லிக் கேட்போம்.

பச்சைப்பலகை (குடியாத்தம்)

நாளை மாலைக்குள் தருகிறேன். கரடுமுரடான கல் பதித்த சாய்தளம் போதும் விலாங்குக்கு. வழவழப்பான சிமென்ட் வேண்டாம். செலவு பெரிதாக இராது என்பதையும் சேர்க்கிறேன், இல்லையென்றால் முதல் வரியிலேயே கோப்பை மூடிவிடுவார்கள்.

எதிர்க்கேள்வி (ராணிப்பேட்டை)

என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் தோல் தொழிற்சாலை உப்பும் மணல் கொள்ளையும் முதல் பத்தியில் வர வேண்டும். நான்காவது பத்தியில் ஒளித்து வைத்தால் கையெழுத்து கிடையாது.